மதுரையின் ஈர்ப்பு: பழமையா, புழக்கமா?

மதுரைக்கு ஆட்களை இழுப்பது எது என்று கேட்டால், ஈராயிரம் ஆண்டுப் பழமை என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த விடையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

சங்ககாலக் கட்டடம் என்று காட்ட நகருக்குள் ஒன்றும் நிற்கவில்லை. நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டைப் பார்க்க மாங்குளம் போக வேண்டும். மண்ணுக்கடியில் கிடந்த வாழ்விடத்தைப் பார்க்கக் கீழடி போக வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலில் நாம் வியந்து நிற்கும் பெரும்பகுதி நாயக்கர் காலத்து வேலை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலிலும் ஒரு பகுதியே மிஞ்சியிருக்கிறது. கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்து அகழியையும் தூர்த்தார். கண்ணுக்குத் தெரியும் கல்லின் வயதுதான் அளவுகோல் என்றால், 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரம் மதுரையை எளிதில் முந்திவிடும்.

மதுரையின் பலம் அதன் வீதிகளில் இருக்கிறது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் எனச் சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்று ஊரில் காரணம் சொல்கிறார்கள். 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியதும் மேலமாசி வீதி வீடொன்றில்தான். அதே வீதிகளில் இன்றும் வியாபாரம் நடக்கிறது, தேர் வரும் நாளில் வழி விடுகிறது. வரலாற்றைத் தனியே வேலி போட்டு வைக்காத ஊர் இது. வந்தவரும் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார்.

ஆனால் தொடர்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழையும் வரை, இந்தக் கோயிலின் வாசல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியே இருந்தது. நூற்றாண்டுகளாகத் தொடர்ந்ததில் அந்த அநீதியும் அடக்கம். புழக்கம் கல்லையும் தேய்க்கும். புதுமண்டபத்துச் சிற்பங்களுக்கு நடுவே தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் நெடுங்காலம் இருந்தன. அவர்களுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்து மண்டபத்தை விடுவித்தது சரியான முடிவு. கடைகள் ஊரின் நடுவை விட்டுத் தொலைவுக்குப் போயிருந்தால் அது இழப்பாகியிருக்கும்.

ஆக, மதுரையின் ஈர்ப்பு நிலைப்பதற்குக் காரணம் புழக்கமே. அதையும் மாறாத புழக்கம் என்று சொல்வது தவறு. விழாவின் மாதம் மாறியது, கோட்டை போனது, வாசல் திறந்தது. வீதிகளின் வடிவம் அத்தனையையும் தாங்கிக்கொண்டது. கோயிலையும் மகாலையும் மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர் மதுரையில் பாதியைத்தான் பார்க்கிறார். மாசி வீதிகள் நான்கையும் நடந்தே சுற்றுகிறவருக்குத்தான் இந்த ஊர் பிடிபடும். மதுரையைப் பாதுகாக்க நினைப்பவர்களும் கோபுரங்களைக் காப்பதோடு நிறுத்தாமல், இந்த வீதிகளில் பிழைப்பவர்களையும் காக்க வேண்டும்.