தீச்சுடர்ப் படங்களை ரசிப்பது எப்படி?

ஒரு மென்பொருள் தன் நேரத்தை எங்கெங்கே செலவிடுகிறது என்ற கணக்கைப் பார்ப்பதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவருடைய சந்தேகம் நியாயமானதே; ஏனெனில் நெடுங்காலம் அந்தக் கணக்கு ரசனைக்கு இடமே தராத எண் அட்டவணையாகத்தான் கிடைத்து வந்தது. டொனால்ட் நூத் 1971-ல் ஃபோர்ட்ரான் நிரல்களைச் சோதித்து, ஒரு நிரலில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான பகுதிதான் பொதுவாக அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது என்று எடுத்துக் காட்டினார். 1982-ல் பெர்க்லியில் பிறந்த ஜிப்ராஃப் என்ற கருவியோ, எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற வம்சாவளியையும் சேர்த்து அச்சிட்டது. அந்த அட்டவணைகளை வாசிப்பதற்குப் பொறுமையும் பென்சிலும் வேண்டியிருந்தன. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

கண்ணுக்கு வேலை வந்தது 2011-ல். ஜாயன்ட் என்ற நிறுவனத்தில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஒன்று சிபியுவை அளவுக்கு மீறித் தின்பதன் காரணத்தை ஆராயப் புகுந்த பிரெண்டன் கிரெக் என்பவருக்கு, டிட்ரேஸ் கருவி 5,91,622 வரிகளை அள்ளிக் கொட்டியது. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று அடுக்கிக் காட்டும் அழைப்பு அடுக்குகளில், ஒன்றுக்கொன்று வேறுபட்டவை மட்டும் அதில் 27,053 இருந்தன. நீலகண்ட் நட்கிர் என்பவர் ஃபங்ஷன் அழைப்புகளைக் கால வரிசையில் பட்டைகளாக வரைந்து காட்டியிருந்ததை முன்பே பார்த்திருந்த கிரெக், காலத்தைக் கைவிட்டு, ஒரே பெயருள்ளவை அடுத்தடுத்து வரும்படி அகர வரிசையில் நிறுத்தி, ஒட்டியவற்றையெல்லாம் ஒரே பட்டையாக இணைத்துவிட்டார். பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் அந்த வரிகளையெல்லாம் ஒரேயொரு எஸ்விஜி கோப்பாக மாற்றியது. அதைத் திறக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். எந்தப் பிரவுசரும் போதும். பட்டையின்மேல் மவுஸை நிறுத்தினால் பெயரும் விகிதமும் தெரியும். க்ளிக் செய்தால் அது முழு அகலத்துக்கும் விரியும். ஃபிளேம் கிராஃப், அதாவது தீச்சுடர்ப் படம், என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

படத்தை ரசிக்க வேண்டுமானால் அது எவ்வாறு சேகரமாகிறது என்ற சூட்சுமத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெரியவர், ஒவ்வொருவர் பின்னாலும் நாள் முழுவதும் அலையாமல், அவ்வப்போது எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் அடுப்படியில் நிற்பவர் யார், அவரை ஏவியவர் யார், அந்த ஏவியவரை ஏவியவர் யார் என்று மட்டும் குறித்துக்கொண்டு போவதில்லையா? நிரலின் நேரக் கணக்கை எடுக்கும் ப்ரொஃபைலர் என்ற கருவியும் அதைத்தான் செய்கிறது. லினக்ஸில் பெர்ஃப் கருவியைக் கையாள்பவர்கள் வழக்கமாக விநாடிக்கு 99 முறை எட்டிப் பார்க்கச் சொல்வார்கள். முழு நூறாக வைக்காததற்குக் காரணம் உண்டு. நிரலுக்குள்ளேயே விநாடிக்கு நூறு தடவை நடக்கும் காரியம் ஏதேனும் இருந்தால், பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே தாளத்தில் நடந்து, அந்தக் காரியம் எப்போதும் கண்ணில் படுவதாகவோ ஒருபோதும் படாததாகவோ ஆகிவிடும். அந்த ஒன்றைக் குறைத்ததில் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

இனிப் படத்துக்கு வருவோம். முதன்முதலில் பார்ப்பவருடைய கண் உயரமான சிகரத்தின்மேல்தான் போய் நிற்கும். அதை வலிந்து கீழே இறக்க வேண்டும். உயரம் என்பது ஒரு ஃபங்ஷன் மற்றொன்றை அழைக்க, அது இன்னொன்றை அழைக்க, இவ்வாறு சங்கிலி எத்தனை ஆழம் போயிற்று என்பதைத்தான் காட்டுமே தவிர, செலவைக் காட்டாது. நாற்பது படிகள் ஏறி ஊசிமுனையாக முடிகிற ஒரு சுடர் அநேகமாக நிரபராதி. செலவு அகலத்தில் இருக்கிறது. அதிலும், தன் தலைமேல் வேறெதையும் சுமக்காமல் மொட்டையாக விரிந்து கிடக்கும் பட்டை எதுவோ அதுதான் சிபியுவைத் தன் கையாலேயே செலவழித்தது. அடியில் அகலமாகக் கிடப்பவை வேலையை மேலே கைமாற்றி விட்டவை. அவற்றின் அகலம் பிறர் செலவின் கூட்டுத்தொகை. ஆகையால் படத்தின் மேல் விளிம்பை மட்டும் ஒரு மலைத்தொடரின் விளிம்பைத் தடவுவதுபோல் இடமிருந்து வலமாகக் கண்ணால் தடவி, எங்கே சமதளம் வருகிறதோ அங்கே நிற்பதுதான் பயிற்சியுள்ளவர்களின் வழக்கம். சிவப்பும் செம்மஞ்சளுமாக ஜொலிக்கும் நிறங்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். கிரெக்கின் முதல் படங்களில் அவை அக்கம்பக்கத்துப் பட்டைகளைப் பிரித்துக் காட்டுவதற்காகக் கண்டபடி பூசப்பட்டவையே. அதிகச் சிவப்பு அதிகக் குற்றம் என்று எண்ணி ஒன்றுமறியாத ஒரு ஃபங்ஷனை நாலு மணி நேரம் விசாரணை செய்கிறவர்கள் இன்றும் உண்டு.

இதுவரை சொன்னது காலத்தைத் துறந்த படம். காலத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு வகையும் உண்டு. குரோம் பிரவுசரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பதிவுப் பொத்தானை அழுத்திச் சில விநாடி பக்கத்தை உபயோகித்து நிறுத்தினால் அது தோன்றும். இங்கே சுடர்கள் தலைகீழாகத் தொங்கும். இடமிருந்து வலம் போவது உண்மையாகவே காலம். திரை விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுமானால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி, ஒரு காரியம் 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் பிரவுசர் அதற்குச் சிவப்பு அடையாளம் இட்டுவிடும். மஞ்சள் ஜாவாஸ்கிரிப்டுக்கு, ஊதா பக்கத்தின் அளவுகளைக் கணக்கிடுவதற்கு, பச்சை வண்ணம் தீட்டுவதற்கு என்று இங்கே நிறங்களுக்கும் அர்த்தம் உண்டு.

உதாரணமாக, எழுத்து எழுத்தாகத் தட்டும்போது திணறுகிற ஒரு தேடல் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் ஒரு எழுத்துக்குரிய இடத்தை ஸூம் செய்தால், நீண்ட மஞ்சள் பட்டை ஒன்றின் அடியில், சீப்பின் பற்கள்போல் ஒரே அளவான ஊதாத் துண்டுகள் வரிசை வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். ஒவ்வொரு பல்லின் மூலையிலும் ஒரு குட்டிச் சிவப்பு முக்கோணம். கதை இதுதான்: நிரலானது பட்டியலின் ஒரு வரிசைக்கு அகலத்தை மாற்றுகிறது, உடனே அதன் உயரம் என்ன என்று கேட்கிறது, அகலம் மாறிவிட்டதால் பழைய கணக்கு செல்லாது என்று பிரவுசர் பக்கம் முழுவதையும் மறுபடி அளக்கிறது, அடுத்த வரிசைக்கும் இதே கூத்து. உயரங்களையெல்லாம் முதலில் கேட்டு முடித்துவிட்டுப் பிறகு அகலங்களை மாற்றினால் இத்தனை பற்களும் உதிர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சும். இந்தச் சீப்பை ஒரு முறை கண்ணால் கண்டவர், ‘லேஅவுட் திராஷிங்’ என்று பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை மறுபடி படிக்க வேண்டியதில்லை.

சீப்பு நீண்டிருந்தால் கண்ணில் படும். ஆனால் பதிவு முழுவதும் தூவிக் கிடக்கும் மயிரிழைகளைக் காலப் படத்தில் காண முடியாது. தேதியை அழகுபடுத்திக் காட்டும் ஒரு சிறு ஃபங்ஷன் ஆயிரக்கணக்கான முறை அழைக்கப்படலாம். ஒவ்வொன்றும் அற்பமானதால் எதன்மேலும் சந்தேகம் எழாது. 2018-ல் ஜேமி வாங் வெளியிட்ட ஸ்பீட்ஸ்கோப் என்ற கருவி இங்கேதான் பிரயோசனப்படுகிறது. பதிவுக் கோப்பைப் பிரவுசருக்குள் இழுத்துப் போட்டு, விசைப்பலகையில் 1 என்று தட்டினால் கால வரிசை. 2 என்று தட்டினால் ஒரே அடுக்குகள் எல்லாம் ஒன்று கூடி, பெரியவை இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். 3 என்றால் நாம் தேர்ந்தெடுத்த ஃபங்ஷனை நடுவில் வைத்து, அதை அழைத்தவர்கள் மேலும் அது அழைத்தவர்கள் கீழுமாகக் காட்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தட்டிப் பார்ப்பதில்தான் இந்த ரசனையின் உயிர் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காலப் படம் நிரலின் நடையைக் காட்டுகிறது. கூட்டிய படம் அதன் எடையைக் காட்டுகிறது. தான் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, கூட்டிய படத்தின் இடப்பக்கத்தைப் பார்த்து ‘முதலில் இது நடந்தது’ என்று சொல்பவரைவிடத் தீவிரமாக ஏமாந்தவர் வேறு யாரும் இல்லை.

கோப்பு இணையத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு: ஸ்பீட்ஸ்கோப் எதையும் வெளியே அனுப்புவதில்லை, இதே வேலைக்கு உதவும் ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைலரும் நாமாகப் பதிவேற்றும் வரை தரவை நம் கணினியிலேயே வைத்திருக்கிறது, பதிவேற்றும்போதும் பக்க முகவரிகள் முதலியவற்றை நீக்கிவிடும் வசதி தருகிறது.

சிபியுவை அளக்கும் படத்தில் காத்திருத்தல் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க்குக்காகவோ மூன்று விநாடி சும்மா கிடந்த நிரல், சுடர்ப் படத்தில் சோம்பேறி என்ற அடையாளமே இல்லாமல் தப்பித்துக்கொள்ளும். பதிவு செய்யும் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்கள் நிறைய இருந்தால் அவற்றின் பட்டைகளும் நம்முடையவற்றோடு கலந்துவிடுமாதலால், இன்காக்னிட்டோ ஜன்னலில் பதிவு செய்வது சிலாக்கியம். எழுதுகிறவருடைய கணினி வேகமானது, உபயோகிக்கிறவருடைய கைப்பேசி அப்படியல்ல; ஆகவே குரோமில் சிபியுவை நான்கு மடங்கோ ஆறு மடங்கோ மந்தமாக்கும் அமைப்பை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கோளாறைச் சரிசெய்த பிறகு மறுபடி பதிவு செய்து பார்க்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஃபிளேம் கிராஃப் எப்போதும் திரையின் முழு அகலத்தையும் நிரப்பிக்கொள்ளும் சுபாவமுடையது. எனவே பருத்த பட்டை மறைந்த இடத்தை மற்றவை பங்கிட்டுக்கொண்டு, ஒரு மாறுதலும் இல்லாதவைகூடப் பெருத்துப் போனதாகத் தோன்றும். வேலை கெட்டுவிட்டதோ என்று கலங்காமல், அடிப் பட்டையின்மேல் மவுஸை வைத்து மொத்தச் சாம்பிள் எண்ணிக்கையை, அதாவது எட்டிப் பார்த்துக் குறித்தவற்றின் எண்ணிக்கையை, முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் காட்டும் வித்தியாசப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் வளர்ந்தது சிவப்பாகவும் தேய்ந்தது நீலமாகவும் இருக்கும், அங்கே நிறத்தை நம்பலாம்.