இமை ஆறும் அழகே அழகு

மேல் இமையில் தொங்கும் தோலை எடுத்துச் சீராக்கிக்கொண்டவர்கள் எல்லாரும் முன்னே எடுத்த போட்டோவையும் பின்னே எடுத்த போட்டோவையும்தான் காட்டுவார்கள். நடுவில் ஓடும் நாட்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ அந்த நாட்கள்தான் திருவிழா!

கண் என்றால் எங்கள் பக்கத்துக்கு மதுரைதான். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊராயிற்றே. நானும் மதுரையில்தான் செய்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். அன்று மாலையே எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்கு வந்தாயிற்று.

முதல் இரண்டு நாளும் ஐஸ். சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, அழுத்தாமல், விட்டு விட்டு ஒற்ற வேண்டும். அடடா, அந்தக் குளிர்ச்சி! தலையை உயர்த்தி மல்லாந்துதான் படுக்கணும், குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. வாசல் பெருக்குவதையும் கோலத்தையும் மதினி எடுத்துக்கொண்டார். "நீ எந்திரிக்காதே, நான் பாத்துக்கறேன்" என்று அதட்டி அதட்டியே என்னை ராணி மாதிரி வைத்திருந்தார். தெருவில் ஒரு பாட்டி விளக்கெண்ணெய் விடச் சொன்னார். பாசம்தான், ஆனால் டாக்டர் கொடுத்த களிம்பையும் சொட்டு மருந்தையும் தவிர வேறெதையும் கண் பக்கம் நான் அண்டவிடவில்லை. இமை முழுசாக மூடாத அந்த ஆரம்ப இரவுகளில் களிம்புதான் கண்ணைக் காயாமல் காத்தது.

பிறகு வந்ததே நிறங்களின் ஊர்வலம்! கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போன இடம் பச்சை காட்டி, மஞ்சளாகி, கன்னம் வரை இறங்கி மறைந்தது. கசிந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடம்பு முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும், அப்புறம் மஞ்சள் பிலிருபினாகவும் மாற்றி அப்புறப்படுத்துகிறதாம். தினமும் கண்ணாடி முன் நின்று அந்த வேலையை நேரில் பார்த்தேன். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். ஆனாலும் அங்கே ரத்த ஓட்டம் அப்படிச் செழிப்பு, அதனால்தான் இத்தனை சீக்கிரம் ஆறுகிறது. ஒரு வாரத்தை ஒட்டித் தையலைப் பிரித்தார்கள். எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. தழும்பு இமை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: திடீரென்று கடும் வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, விழி பிதுங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பார்வையே போகக்கூடும்.

வீக்கம் முழுக்க வடியச் சில மாதங்கள் ஆகும். ஆகட்டுமே! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போனேன். நெற்றியைச் சுருக்காமல், அண்ணாந்து பார்க்காமல், மலை முகடு முழுவதும் தெரிந்தது. மதினியும் இப்போது மதுரைக்குத் தேதி கேட்டிருக்கிறார். அவருக்கான தலையணைகளையும் வெள்ளைத் துணிகளையும் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். இந்த முறை கோலம் என் பொறுப்பு!