உறை தரும் காப்பும் உறை கேட்கும் விலையும்

மின்புலமோ காந்தப்புலமோ பட்ட சில மில்லிநொடிகளில் இறுகி, புலம் நீங்கியதும் பழையபடி ஓடும் திரவங்கள் முக்கால் நூற்றாண்டுப் பழையவை. மின்புலத்துக்கு இறுகும் திரவத்துக்கு அமெரிக்காவின் வில்லிஸ் வின்ஸ்லோ 1947-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே ஜேக்கப் ராபினோ காந்தப்புலத்துக்கு இறுகும் திரவத்தை வைத்து ஒரு கிளட்ச் செய்து காட்டினார். ஆனால் அத்தகைய திரவம் நிரப்பிய ஷாக் அப்சார்பர் ஒரு காரில் ஏற 2002 வரை, காடிலாக் செவில் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று திரவத்தின் உள்ளேயே இருந்தது: துகள்.

எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகள்கள் காந்தப்புலத்தில் சங்கிலிகளாகக் கோத்துக்கொள்வதால்தான் திரவம் இறுகுகிறது. இரும்பின் அடர்த்தி எண்ணெயைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. எனவே துகள் அடியில் படிகிறது, துருப்பிடிக்கிறது, உலோகச் சுவரை உராய்ந்து தேய்க்கிறது. இம்மூன்றுக்கும் மருந்தாக ஆய்வாளர்கள் முன்வைப்பது பாலிமர் உறை. பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ, பாலி அனிலீன் ஆகியவற்றால் துகளைப் போர்த்தும் ஆய்வுகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. இந்த வழிமுறையில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனாலேயே அதன் பெயரில் சொல்லப்படும் சில பெருமைகளை உரசிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதற்பெருமை, உறை அடர்த்தியைக் குறைப்பதால் படிவு குறைகிறது என்பது. 5 மைக்ரான் இரும்புத் துகளுக்கு 100 நானோமீட்டர் தடிப்பில் உறை போட்டால் துகளின் அடர்த்தி 7.8-லிருந்து சுமார் 7.1-க்கு இறங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டோக்ஸ் விதிப்படி துகள் கீழே இறங்கும் வேகம் விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. உறையால் விட்டமும் கூடிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேகம் குறைவது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. மெல்லிய உறையின் உண்மையான உதவி வேறிடத்தில் இருக்கிறது. படிந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல், பழைய பெயிண்ட் டப்பாவின் அடிவண்டல்போல் இறுகிவிடாமல் அது காக்கிறது. ஓடும் வண்டியின் ஷாக் அப்சார்பர் தன் அசைவாலேயே திரவத்தைக் கலக்கிக்கொள்ளும். அங்கே எளிதாகக் கலையும் படிவு பெருங்குற்றமன்று. நிலநடுக்கத்துக்காகக் கட்டடத்தில் பொருத்தி ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் கருவிக்கோ, அந்த ஒரு நிமிடத்தில் திரவம் மறுபடி கலையுமா என்பதே உயிர்க்கேள்வி.

படிவை முற்றிலும் வெல்லத் துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கலாம். விலை ஏறுவது அங்கேதான். 20 நானோமீட்டர் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகளுக்கு 5 நானோமீட்டர் உறை போட்டால் மொத்தப் பருமனில் காந்தப்பொருள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. துகள்களைச் சங்கிலியாக்கும் காந்த ஆற்றல் விட்டத்தின் முப்படியோடு சுருங்குவதால், வெப்ப அலைவே அவற்றைப் பிரித்துவிடும். நாசாவின் ஸ்டீஃபன் பாப்பெல் 1960-களில் உருவாக்கிய ஃபெர்ரோ திரவம் இந்த இயல்பையே பலமாக்கிக்கொண்டது: ஒலீயிக் அமிலம் போன்றவற்றின் மெல்லிய படலம் போர்த்திய நானோ துகள்கள் படியவே படியா, திரவமும் பெரிதாக இறுகாது. ஒலிபெருக்கிக்கும் சுழலும் தண்டின் அடைப்புக்கும் அது போதும். பிரேக்குக்குப் போதாது. மைக்ரான் இரும்பு தரும் 50 முதல் 100 கிலோ பாஸ்கல் தாங்குதிறனை உறைபோட்ட நானோ மேக்னடைட்டிடம் எதிர்பார்க்க முடியாது.

மின்புலத் திரவங்களில் உறை வெறும் போர்வையல்ல, வேலை செய்யும் உறுப்பு. 2003-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெய்ஜியா வென், பிங் ஷெங் குழுவினர் யூரியா போர்த்திய நானோ துகள்களால் மில்லிமீட்டருக்கு 5 கிலோ வோல்ட் புலத்தில் 130 கிலோ பாஸ்கலை எட்டினார்கள். அந்த உறை பாலிமர் அல்ல, சிறு மூலக்கூறு; ஆனாலும் சில நானோமீட்டர் படலத்தால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டு புலங்களுக்கும் ஒரே துகள் என்ற கனவு இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. மேக்னடைட் கருவின்மேல் பாலி அனிலீன் உறை. கரு காந்தத்துக்கு, உறை மின்புலத்துக்கு. வேதியியலாக இது அழகான வேலை. பாலி அனிலீனின் மின்கடத்தலைக் காரத்தால் தணித்து, மின்கசிவு நேராமல் பார்த்துக்கொள்ளும் நுணுக்கம் பாராட்டுக்குரியது. பொறியியலாக எனக்கு மனம் ஒப்பவில்லை. காந்தப் பாதிக்குக் காரின் 12 வோல்ட் பேட்டரியும் ஓரிரு ஆம்பியரும் போதும். மின் பாதிக்குக் கிலோ வோல்ட் மூலமும் மின்காப்பும் தேவை. இவ்வளவு செலவழித்துப் பெறும் மின்விளைவோ பெரும்பாலும் ஒரு கிலோ பாஸ்கலுக்கும் கீழே நிற்கிறது. மைக்ரான் இரும்போடு சிறிதளவு நானோ துகள் சேர்த்துப் படிவைத் தணிக்கும் எளிய வழி இதைவிடப் பயன் தரும்.

ஆயுள் பற்றிய கேள்வி இன்னும் கடுமையானது. காந்தத் திரவங்களை வணிகத்துக்குக் கொண்டுவந்த லார்டு நிறுவனத்தின் டேவிட் கார்ல்சன் 2002-இல் எழுதிய கட்டுரையில், படிவைவிடப் பெரிய எதிரி நீண்ட பயன்பாட்டில் திரவம் தடித்துக் குழம்பாவதே என்று காட்டினார். உராய்வில் துகளின் மேற்பரப்பு உதிர்ந்து நுண்தூளாவதே அதற்குக் காரணம். நல்ல உறை இதைத் தடுக்கக்கூடும். மோசமான உறை தானே உதிர்ந்து அந்தத் தூளோடு சேரும். பாலிஸ்டைரீனும் பிஎம்எம்ஏவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகுபவை. கிளட்சும் பிரேக்கும் அந்த வெப்பத்தைத் தாண்டிச் செல்பவை. ஆனால் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை புதிதாகத் தயாரித்த திரவத்தை, அறை வெப்பத்தில், கண்ணாடிக் குழாயில் நிற்கவைத்து, வண்டல் மட்டத்தை அளந்து வெற்றி அறிவிக்கின்றன.

பாலிமர் உறை வேண்டும், மெல்லியதாக, கருவோடு வேதிப்பிணைப்பால் இறுகியதாக, மைக்ரான் இரும்பின்மேல் வேண்டும் என்பது என் தீர்ப்பு. இத்துறையில் இறங்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: படிவு வரைபடத்தோடு, பல நூறு மணிநேரம் 120 டிகிரி வெப்பத்தில் உராய்ந்த பிறகு எடுத்த துகளின் நுண்ணோக்கிப் படத்தையும் வெளியிடுங்கள்.