அறிந்தும் அறியாமை: ஆங் லீயின் 'தி வெட்டிங் பேங்க்வெட்' திரைப்படத்தில் குடும்பமும் மௌனமும்

முன்னுரை

தைவானில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற ஆங் லீயின் இரண்டாவது முழுநீளத் திரைப்படம் 'தி வெட்டிங் பேங்க்வெட்' (1993). 'திருமண விருந்து' என்பது அத்தலைப்பின் பொருள். பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதை அவ்வாண்டு மற்றொரு சீனப் படத்துடன் இது பகிர்ந்துகொண்டது. 'புஷிங் ஹேண்ட்ஸ்' (1991), 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994) ஆகியவற்றுடன் சேர்ந்து, தந்தையை மையமாகக் கொண்ட மூன்று படங்களின் வரிசையில் இது நடுவில் அமைகிறது. மூன்றிலும் தந்தையாக நடித்தவர் சிஹுங் லுங். தன்பால் இணையர் ஒருவர் தம் உண்மையை வெளிப்படுத்தும் கதையாக இப்படத்தைக் காண இடமுண்டு. ஆயினும், இறுதியில் நிகழும் இணக்கம் உண்மை வெளிப்பட்டதால் விளைந்ததன்று. யார் யாரிடம் எதை மறைப்பது என்ற உடன்பாட்டால் விளைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பொய்யின் கட்டமைப்பு

நியூயார்க்கில் வாழும் தைவானியரான வைதுங், தம் அமெரிக்கத் துணைவர் சைமனுடன் இல்லறம் நடத்துகிறார். தைவானிலுள்ள பெற்றோரோ மகனின் திருமணத்தை எதிர்பார்த்திருக்கின்றனர். வைதுங்கின் கட்டடத்தில் குடியிருக்கும் ஓவியர் வெய்வெய், சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர். அமெரிக்காவில் தங்குவதற்கு அவருக்கு உரிமை தேவை. இருவரும் பெயரளவில் மணந்துகொண்டால் இரு தரப்பினரின் தேவையும் நிறைவேறும் என்பது சைமனின் யோசனை. பெற்றோர் நேரில் வந்துவிட, பதிவுத் திருமணம் போதாதென்று பெருவிருந்து நடக்கிறது. விருந்தினரின் கேலி மணமக்களின் அறைவரை தொடர்கிறது. அன்றிரவு வெய்வெய் கருவுறுகிறார். நகைச்சுவைக்காக எழுப்பப்பட்ட பொய் இவ்விடத்தில் மெய்யான ஓர் உயிரைத் தோற்றுவிக்கிறது. படத்தின் தொனி மாறுவதும் இங்குதான்.

அறிவின் பங்கீடு

தந்தை நோயுற்று மருத்துவமனையில் இருக்கும்போது, வைதுங் தாயிடம் உண்மையைக் கூறுகிறார். தாய் தந்தையிடம் அதைச் சொல்லக் கூடாது என்கிறார். ஆனால் ஆங்கிலம் அறியாதவர் என்று கருதி அவர் முன்னிலையிலேயே மூவரும் ஆங்கிலத்தில் பூசலிட்டபோது, தந்தை அனைத்தையும் புரிந்துகொண்டிருந்தார். பின்னர் அவர் சைமனுக்குச் சிவப்பு உறையிலிட்ட பணத்தை அளித்து, அவரையும் தம் மகனாக ஏற்கிறார். இதைப் பிறர் அறியலாகாது என்றும் கேட்டுக்கொள்கிறார். தாம் ஏமாற இடங்கொடுத்ததாலேயே பேரக்குழந்தை கிடைக்கவிருக்கிறது என்பது அவரது கணக்கு.

இதனால் ஏமாற்றுவோர், ஏமாறுவோர் என்ற பாகுபாடு தலைகீழாகிறது. தந்தைக்குத் தெரியாது என்று தாய் நம்புகிறார். மகனும் அவ்வாறே நம்புகிறார். உண்மையை முழுதாக அறிந்தவர் குடும்பத்திற்கு அயலாராகக் கருதப்பட்ட சைமன் மட்டுமே. சிவப்பு உறை ஏற்பின் அடையாளமாகும். அதே வேளையில் வாய் திறவாமைக்கான பிணையுமாகும். தந்தையின் அதிகாரம் இங்குத் தோற்கவில்லை. ஆணையிடுவதைக் கைவிட்டு, அறியாதவர்போல் இருப்பதன்வழி அது தொடர்கிறது.

இணக்கத்தின் விலை

போரில் உறவினரை இழந்த படைத்துறையாளரான தந்தைக்கு, குலம் தொடர்வது வெறும் பழமைப்பற்றன்று. இழப்புக்கு ஈடு தேடும் முயற்சியாகும். படம் அவரைக் கேலிக்குரியவராக்காமல் பரிவுடன் அணுகுவது இதன் வலிமை. எனினும், அவ்விருப்பம் நிறைவேறுவது வெய்வெயின் உடல்வழியே ஆகும். கருக்கலைப்பை முடிவு செய்திருந்த அவர் பின்னர் மனம் மாறுகிறார். அம்மாற்றத்தைப் படம் அவரது சொந்த முடிவாகவே காட்டுகிறது. ஆனால் வைதுங்கின்பால் அவர் கொண்டிருந்த விருப்பம் என்னவாயிற்று, ஓவியராக அவரது எதிர்காலம் யாது என்னும் வினாக்களை அது தொடர்வதில்லை. இரு ஆண்களின் உறவுக்குக் குடும்பத்தில் இடம் கிடைப்பதற்கு, ஒரு பெண் ஆண்வழி மரபுக்கு வாரிசை அளிக்க வேண்டியுள்ளது. மரபை மீறும் குடும்பம் மரபின் முதன்மை வேண்டுகோளை நிறைவேற்றியே ஏற்பைப் பெறுகிறது. இம்முரணைப் படம் உணர்த்துகிறது. ஆயினும் அதன் சுமையை வெய்வெயின் நோக்கிலிருந்து அளந்து பார்ப்பதில்லை.

முடிவுரை

இறுதிக் காட்சியில் விமான நிலையச் சோதனைக்காகத் தந்தை இரு கைகளையும் மெல்ல உயர்த்துகிறார். சரணடையும் படைவீரரின் தோற்றம் அது. வழக்கமான சோதனையாகவும் அதைக் கொள்ளலாம். குடும்பத்தினருள் சைமனைத் தவிர எவராலும் அதைச் சரணடைதலாகப் படிக்க இயலாது. பார்வையாளர் சைமனின் நிலையில் வைக்கப்படுகின்றனர். தைவானில் 2019இல் தன்பால் திருமணம் சட்ட ஏற்புப் பெற்றது. சட்டம் வெளிப்படையான அறிவிப்பைக் கோருவது. வைதுங்கின் குடும்பமோ பேசாமையின்மீது எழுந்தது. அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைக் காட்டுவதால், இப்படம் வெற்றிக்கதையாக அன்றி, ஏற்பின் பெயரில் யார் எதை இழக்கின்றனர் என்று வினவும் பனுவலாகவே மறுவாசிப்புக்கு உரியதாகிறது.