உரலும் பண்ணும்: திருப்பொற்சுண்ணத்தை முன்வைத்துச் சமையல் உருவகம் பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மேற்கே அமைந்துள்ளது அடி அண்ணாமலை. இங்கு மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. திருவெம்பாவை இவ்விடத்தில் பாடப்பெற்றது என்பது மரபு. திருவம்மானையும் திருவண்ணாமலையில் அருளப்பெற்றதாகவே கொள்ளப்படுகிறது. நீராடலையும் அம்மானை ஆட்டத்தையும் பக்திப் பாடலாக்கிய இச்சோதனை, தில்லையில் பாடப்பெற்றதாகக் கருதப்படும் திருப்பொற்சுண்ணத்தில் உரலையும் உலக்கையையும் எட்டுகிறது. சோதனை இசையைச் சமையலாக உருவகிக்கும் வழக்கை மதிப்பிட இப்பதிகம் தக்க அளவுகோலாகும்.

பண்ணும் பண்ணியமும்

புதிய இசையை ‘அவியல்’, ‘மசாலா’ எனப் புகழ்வதும் இகழ்வதும் இன்று இயல்பு. இரண்டிலும் சமையல் என்பது பொருள்களின் கலப்பாக மட்டுமே கொள்ளப்படுகிறது. சமைக்கும் செயல் மறக்கப்படுகிறது. தமிழிசை மரபோ செயலையே முதன்மையாக்குகிறது. நெஞ்சு, மிடறு முதலிய எட்டுப் பெருந்தானங்களில், எடுத்தல், படுத்தல் முதலிய எட்டுக் கிரியைகளால் பண்ணப்படுவதால் ‘பண்’ எனப் பெயர் பெற்றதாகச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் பழம்பாடல் விளக்குகிறது. பண்டத்தையும் தின்பண்டத்தையும் குறிக்கும் ‘பண்ணியம்’ என்ற சங்கச் சொல்லும் பண்ணுதலோடு தொடர்புடையதாகக் கொள்ளத்தக்கது. இச்சொல்லுறவு கொண்டே பண்டைத் தமிழர் இசையைச் சமையலாகக் கருதினர் என முடிவு செய்தல் பொருந்தாது. ஆயினும், இரண்டையும் இணைப்பது ஆக்கும் செயலே என்பதற்கு இது குறிப்பாகிறது.

உலக்கையின் தாளம்

பொற்சுண்ணம் உணவன்று, இறைவன் ஆடுதற்குரிய நறுமணப்பொடி. எனினும் உரல், உலக்கை, மஞ்சள் ஆகியன வீட்டுப் புழக்கத்திற்கு உரியவை. கலித்தொகையிலும் சிலப்பதிகார வாழ்த்துக் காதையிலும் இடம்பெறும் வள்ளைப்பாட்டே இதன் முன்னோடி. அக்காதையில் அம்மானையும் வள்ளையும் அருகருகே அமைவது, மாணிக்கவாசகர் கையாண்ட வடிவங்களின் தொன்மையைப் புலப்படுத்துகிறது.

திருப்பொற்சுண்ணத்தின் 20 பாடல்களும் ‘நாம்’ இடிப்போம் என்னும் கூற்றில் முடிகின்றன. பாட்டின் அளவைப் பலர் கூடி இடிக்கும் கைகளே வரையறுக்கின்றன. ஒரு பாடலில் உலகமே உரலாகவும் மேருமலை உலக்கையாகவும் மெய்ம்மை மஞ்சளாகவும் உருவகிக்கப்படுகின்றன. பிறிதொரு பாடலில் இறைவன் கரும்பின் தெளிவாகவும் பாகாகவும் தேனாகவும் பழச்சுவையாகவும் காட்டப்பெறுகிறான். உருவகம் பேரண்டத்தளவு விரிந்தபோதும் இடிக்கும் செயல் கைவிடப்படவில்லை. பொருளும் கருவியும் மாறுகின்றன; உழைப்பின் தாளம் நிலைக்கிறது. மாணிக்கவாசகரின் சோதனை வேறுபட்டவற்றைக் கலந்ததில் அன்று, எளிய தொழிற்பாட்டின் இயக்கத்தை மாற்றாமலே அதன் பொருளை உயர்த்தியதில் அமைகிறது.

இன்றைய சோதனை

2005இல் இளையராஜா திருவாசகப் பகுதிகளைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் ஆரட்டோரியோவாக வெளியிட்டார். அதில் திருப்பொற்சுண்ணமும் இடம்பெற்றது. இத்தகைய ஆக்கத்தைக் கலப்பு, தூய்மை என்னும் இருமைக்குள் நிறுத்தி மதிப்பிடுவது பொருள்களை எண்ணுவதோடு நின்றுவிடுவதாகும். திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதும் ஓதுவார் மரபும் உரலைக் கடந்து வந்ததே. ஆகவே ‘மூல ஒலி’ என்று ஒன்றைக் காட்டிப் புதியதை மறுத்தல் இயலாது. மறுதலையாக, மேலைக் கருவிகள் சேர்ந்ததனாலேயே அது சோதனையாகிவிடுவதுமில்லை. கூட்டுக்குரலிலும் தாளத்திலும் ‘நாம் இடிப்போம்’ என்னும் செயல் மீண்டும் நிகழ்கிறதா, அன்றிப் பதிகம் சொற்களாக மட்டும் எஞ்சுகிறதா என்பதே கேட்கத்தக்க வினா.

முடிவுரை

சமையல் உருவகம் பயனற்றதன்று. கலவை என்னும் குறுகிய பொருளே அதனை வலுவிழக்கச் செய்கிறது. மின் அரைவைப் பொறி வந்தபின் உலக்கையின் தாளம் பெரும்பாலான வீடுகளிலிருந்து நீங்கிவிட்டது. அத்தாளத்தை அறியாத கேட்போர்க்கு வள்ளை வெறும் இலக்கிய வகைப்பெயராகச் சுருங்கும். எனவே தொழிற்பாடல்களைச் சொற்களாக மட்டுமன்றி, அவற்றைப் பிறப்பித்த செயலோடும் ஒலியோடும் சேர்த்துப் பதிவுசெய்தல் தமிழிசை ஆய்வின் கடமையாகிறது. புதிய இசையை மதிப்பிடும் அளவுகோலும் அப்பதிவிலிருந்தே கிடைக்கும்.