பேசாதவன் திருடனா?

ஓசூர் சிப்காட் பக்கம் உறவுக்காரப் பையன் ஒருவன் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஏழு பையன்கள் சுவரில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு செல்போனில் ‘அமாங் அஸ்’ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வந்தன. எல்லை ஊரில் அப்படித்தான். ஓரத்தில் ஒடிசா பையன் ஒருவன். மூன்று ஆட்டத்திலும் முதலில் அவனைத்தான் ஓட்டுப் போட்டு வெளியே தள்ளினார்கள்.

“ஏம்ப்பா?” என்றேன்.

“வாயே திறக்க மாட்டேங்கிறான் மாமா. டவுட்டா இருக்குல்ல?”

மூன்றிலும் அவன் நிரபராதி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் இன்னர்ஸ்லாத் என்ற சின்ன கம்பெனி 2018ல் வெளியிட்ட ஆட்டம் இது. இரண்டு வருஷம் சீந்துவாரில்லை. 2020ல் கொரோனா எல்லோரையும் வீட்டில் பூட்டியதும் உலகமே ஆடியது. விண்கலத்தில் சிப்பந்திகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குள் ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை வேஷதாரிகள், ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவார்கள். பிணம் கண்ணில் பட்டால் கூட்டம், விவாதம், ஓட்டு.

இதற்குத் தாத்தா நம்மிடம் உண்டு. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டிருப்பீர்களே! அதில் போலீஸுக்குத் துப்பே கிடையாது. எவன் சிரிப்பை அடக்குகிறான் என்று பார்க்க வேண்டியதுதான். 1980களில் மாஸ்கோவில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கிய ‘மாஃபியா’விலும் பெரும்பாலும் பேச்சுதான் ஆதாரம். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன் பிழைத்துக்கொள்வான்.

அமாங் அஸ் இங்கேதான் ஒரு படி மேலே போகிறது. மெட்பேயில் ஸ்கேன் மேடை ஒன்று இருக்கிறது. நிஜச் சிப்பந்தி ஏறி நின்றால் உடம்பில் பச்சை வெளிச்சம் ஓடும், வேஷதாரிக்கு ஓடாது. கார்டு தேய்க்கும் வேலை, வந்தால் எல்லோருக்கும் வரும், இல்லையென்றால் ஒருவருக்கும் வராது. உங்கள் பட்டியலில் அது இல்லாதபோது ஒருத்தன் கார்டு தேய்ப்பதுபோல நின்றால் ஆள் அம்பேல்! நிஜமாக ஒரு வேலை முடிந்தால் மேலே உள்ள பச்சைக் கோடு நகரும். துப்பறியும் கதாசிரியன் துப்பை வாசகனிடம் மறைக்கக் கூடாது என்று 1929ல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் சட்டம் போட்டார். அதே நியாயம். இந்தத் துப்புகளைப் பார்க்கக் கண் போதும், பாஷை வேண்டாம்.

பிறகு ஏன் ஒடிசாக்காரன் மாட்டினான்? செட்டிங்ஸைக் காட்டச் சொன்னேன். த்ரில்லுக்காக ஸ்கேன் வெளிச்சத்தையும் பச்சைக் கோட்டையும் அணைத்து வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது வாய் மட்டும். அணைக்க வசதி கொடுத்தவர்களையும் நான் குறை சொல்வேன். கை தேர்ந்தவர்களுக்கு அது சவால். ஏழு பேரில் ஒருவனுக்குப் பாஷை தெரியாத ரூமில் அநியாயம். (இதில் செத்தவன் வேறு “அய்யோ, இவன்தாண்டா!” என்று பக்கத்திலிருந்தே கத்துகிறான். செத்தவன் பேசினால் அப்புறம் என்ன துப்பு?)

“ரெண்டையும் ஆன் பண்ணி ஒரு தடவை ஆடுங்களேன்” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். ஒடிசா பையன் நேராக ஸ்கேன் மேடைக்குப் போனான். இரண்டு பேர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து ஏறினான். பச்சை வெளிச்சம் ஓடியது. அந்த ஆட்டத்தில் கடைசிவரை யாரும் அவனைத் தொடவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் அவனே வேஷதாரி. ஒரு வார்த்தை பேசாமல் நாலு பேரைத் தீர்த்துக் கட்டினான்.