காரை ஜிப்சமும் சாத்தனூர் கல்மரமும்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் புதைபடிவம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் வீடியோக்களையும் பதிவுகளையும் விடாமல் பார்க்கிறேன். ஆர்வம் பெருகுவது சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வரிகள் மட்டும் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கின்றன. காரையில் ஜிப்சம் இருக்கு, அதனால் அங்கே கடல் வற்றிப்போச்சு. சாத்தனூரில் கல்மரம் கிடக்கு, அதனால் அங்கே காடு இருந்துச்சு. இரண்டுமே பொருளைப் பார்க்கின்றன, அது கிடக்கிற அடுக்கைப் பார்ப்பதில்லை.

முதலில் ஜிப்சம். கடல்நீர் ஏறக்குறைய கால்வாசியாகச் சுண்டினால்தான் ஜிப்சம் படியும். அவ்வளவு உப்பில் அம்மோனைட்டோ பெலம்னைட்டோ (கணவாயின் தூரத்துச் சொந்தம், துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும்) பிழைத்திருக்க முடியாது. ஆனால் காரைக் களிமண்ணில் இரண்டும் கிடைக்கின்றன. அப்போ இந்த ஜிப்சம் எங்கிருந்து வந்தது? மழைநீர் அறுத்த ஓடைச் சரிவில் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். வற்றிய கடலில் படிந்திருந்தால் அது களிமண்ணோடு அடுக்கடுக்காகப் படுத்திருக்கணும். இங்கே பல இடங்களில் அடுக்குகளை வெட்டிக்கொண்டு சாய்வாகவும் குறுக்காகவும் ஓடுகிறது, உடைத்தால் நார் நாராகப் பிரிகிறது. களிமண் இறுகி விரிசல் விட்ட பிறகு நிலத்தடி நீர் கொண்டுவந்து நிரப்பியது அது. அதை வைத்துக் கடலின் கதை சொல்வது, சுவர் விரிசலில் பூசிய சிமெண்டை வைத்து வீடு கட்டின வருஷத்தைச் சொல்வது மாதிரி.

கல்மர விஷயம் இன்னும் சுவாரசியம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் பதிவு செய்தது, 18 மீட்டர் நீளம், பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் காடு இருந்தது என்று சொல்ல வேர் இறங்கிய பழைய மண் அடுக்கு வேண்டும். மரம் கிடப்பதோ கருடமங்கலம் மணற்கல் தொகுதியில். கடற்சிப்பிகள் நெருக்கமாகப் புதைந்த தொகுதி அது. 'திருச்சி மார்பிள்' என்று அறுத்து மெருகேற்றிய சிப்பிக்கல்லும் இதிலிருந்துதான். ஆக, மரம் வளர்ந்தது வேறெங்கோ. ஆறு அடித்து வந்து, கடலில் மிதந்து, நீரூறிக் கனத்து மூழ்கியிருக்கிறது. சரி, கரை பக்கத்தில்தானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் அதற்கு மரம் சாட்சி ஆகாது, மிதக்கும் கட்டை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். கூட இருக்கிற கரடுமுரடான மணலும் அலையில் சிதைந்த சிப்பியும்தான் நம்பகமான சாட்சி.

வயதும் இடிக்கிறது. 12 கோடி ஆண்டு என்று பரவலாக எழுதுகிறார்கள். அந்தத் தொகுதியின் வயதே ஏறக்குறைய 9 கோடி ஆண்டுதான்.

பிளான்போர்டு 1862-இல் இந்தப் பாறைகளை உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தது, எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று ஊர் ஊராக நடந்து பார்த்துத்தான். நம்மிடம் டிரோன் இருக்கு, அடுக்கைக் காட்டுகிற ஒரு ஷாட்கூட இல்லை.

சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. முதல் தடவை காரைக்குப் போனப்போ ஒரு பெலம்னைட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எந்த ஓடை, எந்த அடுக்கு, மேலிருந்து எத்தனை அடி, எதையும் குறிக்கவில்லை. இப்போ மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.